தகரத்தைக் கழிக்கத் தெரியாதவர்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கச்சி விட்டுப் போனவை. அந்த ஏழில் ஒன்றுகூட விளங்காத பேச்சுக்கு 'ஓம்' சொல்லி வளர்ந்ததில்லை. அப்படிச் சொல்கிறவர் கடைசியில் எனக்கு மருமகனாக வந்து சேர்ந்தார்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. என் பெயரை எழுதுவேன். கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், வாசித்து முடிப்பதற்குள் கடை பூட்டிவிடும். ஆனால் எண் எனக்கு வரும். வன்னியில் இருபத்தெட்டு வருடம் சொந்தக் கடையில் தராசுக்கு முன்னால் நின்றவள் நான். ஆகவே இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது அவள் பொறுப்பு. கருத்தை மாற்றினாளோ, எனக்குத் தெரிந்துவிடும்.

இதை எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் என் மருமகன் ஒரு கதை சொல்கிறார். "ரெமோர்க்கிலை பாரம் ஏத்த முதல் நான் கணக்குப் பாத்தனான்" என்று தொடங்குவார். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். அவர் பார்த்த கணக்கு எது என்று எனக்குத் தெரியும். நான் செத்த பிறகு அந்தக் கதைதான் நிற்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வண்டியை இங்கே பிரான்சில் ரெமோர்க் என்பார்கள். மருமகன் வாங்கியது சாதாரண ரெமோர்க் அல்ல. முன்பாதி வீடு. ஒரு கட்டில், ஒரு சின்னக் குசினி, கை கழுவ ஒரு தொட்டி, முழங்காலை நாடியில் முட்டக் கொடுத்தால் மட்டும் இருக்கக்கூடிய ஒரு கக்கூஸ். பின்பாதி வெறும் கொட்டில். கொட்டிலின் பின்சுவரைக் கீழே இறக்கினால் அது சாய்பலகையாகும். அதன் வழியாக மோட்டார்சைக்கிளை உருட்டி உள்ளே ஏற்றலாம். வெள்ளைக்காரர் சிலர் விடுமுறையில் சேற்றுக்குள் ஓடி விளையாட அதில்தான் மோட்டார்சைக்கிளைக் கொண்டுபோவார்களாம். நாடு விட்டு வந்த எங்கள் பிள்ளைகள் பாரிசுக்குப் பக்கத்துச் சார்செலில் ஒரு அறைக்குள் ஆறு பேராகப் படுத்து எழும்பியிருக்கிறார்கள். அதே நாட்டில் ஒருவனுடைய விளையாட்டுச் சாமானுக்குக் கதவு வைத்த தனியறை இருந்திருக்கிறது. நல்ல ஊர்தான்.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் நான் பிரான்சுக்கு வந்தேன். இந்த ரெமோர்க் வந்தது அதற்கும் ஐந்தாறு வருடம் கழித்து. கோடைகாலத்தில் எங்கள் ஆட்கள் மைதானம் எடுத்து விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். அங்கே கொத்துரொட்டியும் வடையும் போட்டு விற்பது என்று மருமகனும் அவருடைய கூட்டாளியும் முடிவெடுத்தார்கள். கூட்டாளிக்குப் பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு ரெலிபோன் கடை. கடையை விடப் பெரியது அவனுடைய மீசை. ஆகவே அவனை மீசைக்காரன் என்றே சொல்கிறேன். மோட்டார்சைக்கிள் நிற்கிற இடத்தில் அடுப்பு, கட்டிலில் மாவுப் பெட்டி, இதுதான் அவர்களுடைய யோசனை. யோசனையில் பிழை இல்லை. பிழை யோசித்தவர்களில் இருந்தது.

மருமகனுக்கு வேலை, கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய் இறக்குகிற வான் ஓடுவது. சாரதி அட்டையை இங்கே பெர்மி என்பார்கள். அவர் அந்தப் பெர்மியை ஐந்தாம் தரம்தான் எடுத்தார். நான்கு தரமும் கேள்வித்தாளை வாசித்து விளங்காமல் கோட்டை விட்டார். பாரம் அளவுக்கு மேல் ஏற்றிப் பொலிசில் அகப்பட்டு அந்த அட்டைக்கு ஒன்று நடந்தால் வேலையும் அதோடு போகும். அப்புறம் என் மகள்தான் ஓட வேண்டும். அவள் ஏற்கெனவே விடிய நாலரைக்கு எழும்பி ரயில் பிடித்து, ஆட்கள் வேலைக்கு வர முதல் கந்தோர்கள் கூட்டப் போகிறவள். இன்னொரு வேலைக்கு அவளுடைய உடம்பில் இடம் இல்லை. மருமகனுக்கு ரெமோர்க் ஒரு கொண்டாட்டம். எனக்கு அது என் மகளின் முதுகு.

அதை எடுத்துவரப் போனபோது நானும் வானில் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. விற்றவர் நாட்டுப்புறத்தில் இருந்த ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். ஒரு கால் நொண்டி. அந்த மனிதர் காசை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிவிடவில்லை. ஒன்றரை மணித்தியாலம் நின்று ஒவ்வொரு குழாயையும் தொட்டுத் தொட்டு விளக்கினார். மருமகன் ஒன்றரை மணித்தியாலமும் "உய், உய்" என்றார். பிரெஞ்சில் 'உய்' என்றால் ஓம். அவர் சொன்ன உய்களை இறைத்திருந்தால் கிணறு வற்றியிருக்கும்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாததால் அவருடைய கையைப் பார்த்தேன். தெரியாதவனுக்கு அது ஒரு வசதி. தெரிந்த மாதிரி நடிக்கிறவனுக்கு அதுவும் கிடைக்காது.

அவர் முன்பக்கத்துப் பெட்டியைத் திறந்து காஸ் சிலிண்டரைக் காட்டினார். குழாயைப் பூட்டிவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று விரலால் சொன்னார். கட்டிலுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. நூறு லீற்றர் என்று பத்து விரலையும் பத்துத் தரம் விரித்தார். பிறகு தோளில் மூட்டை தூக்குகிற மாதிரிக் குனிந்து முனகினார். தண்ணீரும் பாரம் என்கிறார் என்று விளங்கியது. கைகழுவிய அழுக்குத் தண்ணீர் வேறொரு தொட்டிக்குப் போகும், அதற்கு அடியில் ஒரு கைபிடி. மூலைக்கு ஒன்றாக நாலு இரும்புக் கால். வானிலிருந்து கழற்ற முதல் பின்னங்கால் இரண்டையும் இறக்கு என்று தன் நொண்டிக் காலைத் தட்டிக் காட்டினார். கடைசியாகக் கொட்டிலின் பின்பக்கம் காட்டி "நோ, நோ" என்றார். சில்லுக்கு நேர் மேலே காட்டித் தலையாட்டினார். பிறகு உள்ளங்கையை மீன் வால் மாதிரி இரண்டு பக்கமும் அடித்துக் காட்டினார். மாட்டு வண்டிக்கு முன்பாரம் பின்பாரம் பார்க்கத் தெரிந்த எந்தச் சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கும். மருமகன் அந்த நேரத்தில் ரெமோர்க்கோடு தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது அந்த மனிதர் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஒரு தகட்டைக் காட்டினார். இரண்டு எண். ஒன்று ஆயிரத்து ஐந்நூறு. மற்றது தொளாயிரத்து எண்பது. இரண்டாவதற்கு முன்னால் இரண்டு எழுத்து. அவர் அதைத் தொட்டு "புவா அ வீட்" என்றார். சொல்லிவிட்டு வெறும் ரெமோர்க்கின் சுவரில் டங் டங் என்று தட்டினார். என் காதில் 'வீட்' என்பது 'வீடு' என்றே விழுந்தது. வீட்டின் எடை. பின்னர்தான் பிடிபட்டது, நான் வெங்காயம் உரித்த சாப்பாட்டுக் கடைக் குசினியில் குப்பை வாளியைக் காட்டி முதலாளி கத்துகிற 'வீட்' அது. வெறுமை. நான் கேட்டது பிழைதான். ஆனால் பிழையாய்க் கேட்டும் சரியான இடத்தில் போய் நின்றேன். சரியாய்க் கேட்டவர் எங்கே போய் நின்றார் என்று இனிச் சொல்கிறேன்.

சார்செலில் எங்கள் மாடிக்குக் கீழே ரெமோர்க்கை நிறுத்தினார்கள். ஒரு கிழமை மருமகன் அதைச் சுற்றி வந்து எல்லோருக்கும் காட்டினார். உள்ளே விளக்கு எரியவில்லை என்று மின்சாரம் திருத்துகிறவனைக் கூப்பிடப் போனார். நான் மின்கலப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் திருகியைத் திருப்பினேன். எரிந்தது. "தானாய் வந்திட்டுது" என்றார். தண்ணீர் வரவில்லை என்றார். பம்புக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட வேண்டும் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் மூன்று தரம் போட்டு அணைத்துக் காட்டியிருந்தார். அதையும் நான்தான் போட்டேன். அழுக்குத் தண்ணீர்க் கைபிடி எது என்று தெரியாமல் அதற்கு முன்னால் குந்தியிருந்து, "மாமி, இதென்ன எண்டு இழுத்துப் பாருங்கோ" என்றார். இழுத்தேன். அவருடைய புதுச் சப்பாத்து நனைந்தது. எனக்குத் தெரிந்துதான் இழுத்தேன்.

விளையாட்டுப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் இருவரும் என்ன ஏற்றுவது என்று குசினி மேசையில் இருந்து பேசினார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஆயிரத்து ஐஞ்ஞூறு கிலோ ஏத்தலாம் அண்ணை. தகட்டிலை கிடக்கு" என்றான் மீசைக்காரன்.

"மற்ற நம்பர் என்ன?" என்றார் மருமகன்.

"அது பேவே. தொளாயிரத்து எண்பது."

லாச்சப்பலில் பேவே என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். வண்டியைக் கூடாத இடத்தில் விட்டால் கண்ணாடியில் செருகிவிட்டுப் போகிற தண்டக் கடிதம். தகட்டில் இருந்த இரண்டு எழுத்தும் 'பே', 'வே'. இருவரும் அதை வாசித்தார்கள். வாசிக்கத் தெரிந்ததுதான் வினையாகியது.

"ஆயிரத்து ஐஞ்ஞூறுக்கு மேலை ஒரு கிலோ போனாலும் தொளாயிரத்து எண்பது ஈரோ பேவே அடிப்பான். அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறான்" என்று மீசைக்காரன் விளக்கம் சொன்னான்.

"அம்மாடி" என்றார் மருமகன். "அப்ப ஆயிரத்து நானூற்றி ஐம்பதோடை நிப்பாட்டுவம். கவனமாய் இருக்கிறது நல்லது."

கவனம்! ரெமோர்க் செய்தவன் தன் வண்டியில் பொலிஸ்காரனின் தண்டத்தை அச்சடித்து ஒட்டுவானா? கத்தி செய்கிறவன் கத்தியில் கொலைக்கு எத்தனை வருடம் என்று எழுதுவானா? நான் கீரையை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"தம்பி, அது தண்டம் இல்லை. வெறும் வண்டியின்ரை எடை. அதைக் கழிச்சுப் போட்டு மிச்சத்தைத்தான் ஏத்தலாம். ஐஞ்ஞூற்றி இருபது."

மீசைக்காரன் சிரித்தான். "ஆச்சி, பேவே எண்டா என்னெண்டு எங்களுக்குத் தெரியாதே? என்ரை கடையிலை ஒரு கட்டே கிடக்கு."

"ஆர் உனக்கு ஆச்சி? ஒரு கட்டுத் தண்டம் வாங்கினவன் அதைப் பெருமையாயும் சொல்லுறாய்."

"மாமி, நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்கு எழுத்துத் தெரியாது" என்றார் மருமகன்.

அதை என் மகளுக்கு முன்னால் சொன்னார். மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, விடுங்கோ" என்றாள். அவளுக்கு அடுத்த நாள் நாலரைக்கு எழும்ப வேண்டும். விட்டேன். பேச்சைத்தான் விட்டேன்.

என் கடையில் மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் நிறுத்துத்தான் கொடுப்போம். ஆள் கொண்டுவருகிற தகரத்தை முதலில் வெறுமையாகத் தட்டில் வைக்க வேண்டும். அதைக் குறித்துக்கொண்டு பிறகு எண்ணெய் ஊற்ற வேண்டும். தகரத்தைக் கழிக்காமல் நிறுத்தால் ஆள் ஏமாந்து போகும், அடுத்த நாள் ஊரையே கூட்டிக்கொண்டு வரும். தொளாயிரத்து எண்பது என்பது தகரம். இதற்கு எழுத்து எதற்கு?

சரி, இவர்களுக்குக் கண்ணால் காட்டினால் விளங்கும் என்று நினைத்தேன். ஆள் நிறுக்கிற தராசைக் கீழே கொண்டுபோய்ப் புதுக் காஸ் சிலிண்டரை அதன்மேல் வைத்தேன். கடைக்காரன் அதைப் பதின்மூன்று கிலோ என்றுதான் விற்கிறான். முள் இருபத்தைந்தில் நின்றது.

"மிச்சம் பன்னிரண்டு ஆற்றை?" என்று கேட்டேன்.

மருமகன் குனிந்து பார்த்தார். "தராசு பழுது மாமி" என்றார்.

ஒரு மட்டைத் துண்டு எடுத்தேன். இருபது கிலோவுக்கு ஒரு கோடு. ஐந்நூற்று இருபதுக்கு இருபத்தாறு கோடு. மட்டையின் ஒரு பக்கத்தில் இருபத்தாறு கோட்டையும் கீறி, மற்றப் பக்கத்தை வெறுமையாக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை லாச்சப்பலில் சாமான் ஏற்றினார்கள். ஒழுங்கைக்குள் ரெமோர்க்கைப் பின்னால் திறந்துவிட்டு, கடை கடையாகச் சாமான் வந்தது. தேத்தண்ணி கையில் பிடித்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். லாச்சப்பல் நடைபாதையில் ஒரு வண்டிக்குப் பாரம் ஏற்றினால் ஏற்றுகிறவன் ஒருவன், புத்தி சொல்கிறவர் பதினைந்து பேர். அதில் ஒருவர்கூட ஒரு மூட்டையில் கை வைக்கவில்லை.

நான் சாய்பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயப் பெட்டியில் இருந்து கோடு கீறினேன். அரிசி ஆறு மூட்டை, ஆறு கோடு. மூட்டையில் எண் போட்டிருக்கிறது, எனக்கு அது போதும். மாவு ஐந்து. கொத்துரொட்டி போடுகிற இரும்புத் தட்டை இரண்டு பேர் தூக்கியபோது அவர்களுடைய கழுத்து நரம்பைப் பார்த்து நாலரை போட்டேன். சோடாப் பெட்டிகள் பத்து. வெங்காயம், உருளைக்கிழங்கு, எண்ணெய்க் கலன்கள், கூடாரக் கம்பிகள், மேசைகள், மின்சாரம் கொடுக்கிற இயந்திரம். மீசைக்காரனின் இரண்டு பாட்டுப் பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி அளவு. கொத்துரொட்டிக்குப் பாட்டு எதற்கு என்று கேட்டேன். "மூட் வர வேணும்" என்றான். கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நூறு லீற்றர், ஐந்து கோடு. தண்ணீரை அவர்கள் சாமானாகவே கணக்கெடுக்கவில்லை. அது தண்ணிதானே என்றார்கள். எல்லாவற்றையும் கொட்டிலின் பின்பக்கம் குவித்தார்கள், இறக்கச் சுகமாம்.

முடிந்தபோது என் மட்டையில் ஐம்பத்தாறு கோடு. ஆயிரத்து நூற்று இருபது கிலோ. அவர்கள் முகத்தில் இன்னும் முந்நூறு கிலோவுக்கு இடம் விட்ட பெருமை.

பின்சுவரைத் தூக்கிப் பூட்ட வந்தார்கள். நான் எழுந்து போய்ச் சாய்பலகையின் நடுவில் இருந்துவிட்டேன்.

"மாமி, எழும்புங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும். சனத்துக்கு வேறை என்ன வேலை இஞ்சை?"

தேத்தண்ணிக் கூட்டத்தில் ஒருவன், "அண்ணை, மாமியையும் கிலோக் கணக்கிலை சேத்தாச்சோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம், மூண்டு கோடு" என்று மட்டையைக் காட்டினேன். "நான் அறுபது கிலோ. என்ரை எடை எனக்குத் தெரியும். உன்ரை எடை உனக்குத் தெரியுமோ?"

மருமகன் என் காதருகே குனிந்தார். "என்ன வேணும் மாமி உங்களுக்கு?"

"போற வழியிலை பழைய இரும்பு வாங்கிற இடம் இருக்கு. லொறி நிறுக்கிற மேடை வைச்சிருக்கிறான். அதிலை ஏத்தும். நான் பிழையெண்டா இனி உம்மடை விசயத்திலை வாய் திறக்க மாட்டன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை என் மகளின் கல்யாணத்திலும் நான் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுதும் மாமி வாய் திறக்க மாட்டாள்! "சத்தியமோ?" என்றார். சத்தியம் என்றேன். ஏற்றுக்கொண்டார்.

வானில் மூவரும் முன்னால் இருந்தோம். பாரிஸ் நகர வாசலைத் தாண்டிப் பெரிய வீதிக்கு ஏறி வேகம் பிடித்ததும் வானுக்குள் ஒரு ஆட்டம். முதலில் மெல்ல. பிறகு யாரோ பின்னால் நின்று எங்களைப் பிடித்து இரண்டு பக்கமும் உலுப்புகிற மாதிரி. கண்ணாடியில் ரெமோர்க்கின் வால் ஒரு தரம் இந்தப் பக்கம் தெரிந்தது, ஒரு தரம் அந்தப் பக்கம் தெரிந்தது. அந்தப் பிரெஞ்சுக்காரரின் உள்ளங்கை.

"பிரேக்கை அடி, அண்ணை!" என்று மீசைக்காரன் கத்தினான்.

"அடியாதையும். காலை மட்டும் எடும். நேரே பிடியும்" என்றேன்.

மருமகன் காலை எடுத்தார். வேகம் இறங்க இறங்க ஆட்டம் அடங்கியது. பக்கத்தில் போன கார்க்காரன் ஒருவன் தலையில் விரலால் சுழித்துக் காட்டிவிட்டுப் போனான். அவன் சொன்னது சரி. மீசைக்காரன் ஏதோ சாமியின் பெயரைச் சொன்னான். பயந்த ஆளைப் பேசி அடிப்பது எனக்குப் பழக்கமில்லை. பயம் தெளியட்டும் என்று இருந்தேன்.

இரும்பு முற்றத்தில் எடை மேடையின்மேல் ரெமோர்க்கை நிறுத்தி வானிலிருந்து கழற்றச் சொன்னான் அங்கு நின்ற பெடியன்.

"பின்னங்காலை இறக்கும் முதல்" என்றேன்.

"ஏன், காலுக்கென்ன?" என்றான் மீசைக்காரன். சொல்லிக்கொண்டே கொளுக்கியைக் கழற்றினான்.

முன்பக்கம் ஒரே பாய்ச்சலாக மேலே எழும்பியது. இரும்பு மூக்கு அவனுடைய நாடியை ஒரு விரல் இடைவெளியில் தாண்டிப் போனது, மீசையைத் தடவிக்கொண்டு. பின்பக்கம் மேடையில் டமார் என்று குந்தியது. உள்ளே சோடாப் பெட்டிகள் உருண்ட சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. ரெமோர்க் பின்னங்காலில் குந்தியிருக்கிற நாய் மாதிரி வானத்தைப் பார்த்தது. மீசைக்காரன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். அவனுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் எடை காட்டுகிற பெட்டியில் சிவப்பு எண் எரிந்தது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

இரும்புப் பெடியன் தகட்டை வாசித்தான், எண்ணைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான். இரண்டு கை மணிக்கட்டையும் சேர்த்து விலங்கு போட்ட மாதிரிக் காட்டிச் சிரித்தான். மருமகனிடம் ஏதோ சொன்னான். மருமகன் இந்த முறை 'உய்' சொல்லவில்லை. பெர்மி வைத்திருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

நான் என் மட்டையைப் பார்த்தேன். தொளாயிரத்து எண்பதைக் கழித்தால் ஆயிரத்து நூற்று அறுபது. என் கோடு ஆயிரத்து நூற்று இருபது. இரண்டு கோடு குறைகிறது. கடையில் இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு நாற்பது கிலோ பிழைத்ததில்லை.

"தம்பி, நாப்பது கிலோ எனக்குத் தெரியாமல் ஏறியிருக்கு. என்ன அது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரும்புத் தட்டை என் கண் குறைத்து மதித்திருக்கும் என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் அவர்கள் பார்வை கட்டில் பக்கம் போனது. போய்க் கட்டில் மெத்தையைத் தூக்கினேன். மூன்று பெட்டி பியர். நான் வருவதற்கு முன்பே ஏற்றி மூடி வைத்திருக்கிறார்கள். மாமிக்கு ஒளித்தார்கள், மேடைக்கு ஒளிக்க முடியவில்லை.

"விளையாட்டுச் சாமான் ஏத்திற வண்டிதானே மாமி" என்றான் நிலத்தில் இருந்த மீசைக்காரன். அந்த நேரத்திலும் அவனுக்கு வாய்.

அந்த முற்றத்திலேயே இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டேன். பாட்டுப் பெட்டி, பியர், சோடா, மேசை, பாதி அரிசி எல்லாம் கீழே. கனத்ததைச் சில்லுக்கு நேர் மேலே வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். மறுபடி எண் எரிந்தது. ஆயிரத்து நானூற்று எண்பது. மிச்சத்தைக் கொண்டுவர மீசைக்காரன் தன் கடையின் சின்னக் காரை எடுத்துவரப் போனான். அதற்கும் ஒரு தகடு இருக்கும், பார் என்றேன். "கார் தாங்கும்" என்றான்.

மறுநாள், போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை, மைதானத்துக்குத் திரும்புகிற வட்டச் சந்தியில் பொலிஸ் நின்றது. இரண்டு பேர் எங்களை ஓரம் கட்டினார்கள். மருமகன் கண்ணாடியை இறக்கினார். பின் ஆசனத்தில் மகளும் பேத்தியும் இருந்தார்கள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பொலிஸ்காரன் தகட்டைப் பார்த்தான், டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான், பின்கதவைத் திறப்பித்துப் பார்த்தான். இரும்பு முற்றத்தில் கொடுத்த எடைச் சீட்டை மருமகன் நீட்டினார். அதை எறியாதேயும் என்று நான்தான் முதல்நாள் அவருடைய சட்டைப் பையில் திணித்திருந்தேன், பெர்மியோடு சேர்த்து. பொலிஸ்காரன் சீட்டைப் பார்த்துப் பெர்மியைத் திருப்பிக் கொடுத்துக் கை காட்டினான். போகலாம்.

மகள் கண்ணைத் திறந்து மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். மிச்சமெல்லாம் கொத்துரொட்டி.

பின்னால் வந்த மீசைக்காரனை மறித்தார்கள். அவனுடைய சின்னக் கார் பாட்டுப் பெட்டியும் சோடாவும் பியரும் அரிசியுமாக வயிறு நிலத்தில் உரச வந்தது. அவனுக்குக் கிடைத்தது உண்மையான பேவே. கட்டோடு கட்டாய் வைத்திருப்பான்.

அன்று பின்னேரம் கொத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று மருமகன் நாலு பேருக்குச் சொல்கிறார், எனக்குக் கேட்கத்தக்கதாக: "பேவே எண்டா வெறும் எடை. கனபேருக்கு இது தெரியாது. நான் கணக்குப் பாத்தனான்." வெங்காயம் நறுக்கிய கத்தியோடு திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டென்று, "மாமி, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்தில் தேத்தண்ணியைத்தான் கொண்டுவருவார்கள். வாங்கிக் குடித்தேன். சீனி கூடிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் ரெமோர்க் ஓடுகிறது. ஏற்ற முதல் இருபத்தாறு கோடு மட்டையை உள்ளே ஆணியில் தொங்கவிடுகிறார்கள். பின்னங்காலை இறக்குகிறார்கள். யார் சொல்லித் தெரிந்தது என்று யாராவது கேட்டால் இன்றுவரை என் பெயர் மருமகன் வாயில் வராது. வராவிட்டால் போகட்டும். பெர்மி சட்டைப் பையில் இருக்கிறது, மகள் ஒரு வேலைக்குத்தான் போகிறாள்.

இவ்வளவுதான். இனி பிள்ளை, தொடக்கத்திலிருந்து ஒருக்கால் வாசி பாப்பம். உன்ரை அப்பாவைப் பற்றி நான் சொன்னது எல்லாம் அப்படியே கிடக்குதோ, இல்லை இரக்கப்பட்டு எங்கையாவது கழிச்சுப் போட்டியோ எண்டு நான் கேக்க வேணும்.